முதலில் அந்தத் தலைவலியைப் பார்ப்போம்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 28 வயது, திண்டுக்கல் பக்கம். ஆறு வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகெலும்பு உடைந்தது. டி-5 லெவலில், அதாவது நெஞ்சுப் பகுதியின் ஐந்தாவது முதுகெலும்பு மட்டத்தில், முழுக் காயம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. பகலில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. மூன்று வருஷமாக வீல்சேர் பாஸ்கெட்பால் ஆடுகிறேன், 1.0 பாயின்ட் ஆட்டக்காரன் (உடலசைவு மிகக் குறைந்தவருக்கு 1.0, அதிகம் உள்ளவருக்கு 4.5). மைதானம் எங்களுக்குக் கிடைப்பது ராத்திரி 7 முதல் 9.30 வரைதான். அங்கே கழிப்பறைக்குள் வீல்சேர் போகாது. அதனால் சாயங்காலம் 4 மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, வீட்டுக்கு வந்துதான் குடிப்பேன். படுக்க 11 ஆகும், தூக்கம் வர 12.30. பிறகு மூத்திரம் எடுக்கும் கதீட்டர் குழாய் போட இரண்டு தடவை, கால் வெட்டி இழுத்து ஒரு தடவை, அம்மா புரட்டிப் படுக்க வைக்க இரண்டு தடவை என்று விழித்துக்கொண்டே இருக்கிறேன். சில ராத்திரி தலை விண்விண்ணென்று தெறித்து முகமெல்லாம் வியர்க்கும், கதீட்டர் போட்டதும் சரியாகிவிடும். காலையில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அம்மாவிடம் கத்திவிட்டு அப்புறம் அழுகிறேன். பயிற்சிக்குப் போனால் மட்டும் நன்றாக இருக்கிறேன், ஆனால் அங்கேயும் பந்தைத் தவறவிடுகிறேன். கோச் 'மனசை ஒருமுகப்படுத்து, தியானம் பண்ணு' என்கிறார். தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து போய்விட வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னதையும் செய்து பார்த்தேன், பலன் இல்லை. கால் இழுப்புக்கு பேக்லோஃபென் மாத்திரை காலை, மதியம், சாயங்காலம் 6 மணி. தோள் வலிக்கு எப்போதாவது டிரமடால். டீமில் ஒரு அண்ணன் அல்பிரஸோலம் மாத்திரை அட்டை ஒன்று கொடுத்து, ராத்திரி ஒன்று போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கலாம் என்கிறார். இரண்டு மாதத்தில் மாநிலப் போட்டி. போடலாமா? இது மனநோயின் ஆரம்பமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புத் தம்பி,

அல்பிரஸோலம் வேண்டாம். அட்டையை அந்த அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தலை தெறிக்கிறது, முகம் வியர்க்கிறது, கதீட்டர் போட்டதும் சரியாகிறது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மொத்தக் கடிதத்திலும் அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இதற்கு அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர், சுருக்கமாக ஏ.டி. என்போம். டி-6 லெவலிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வருவது. எலும்புகளை மேலிருந்து எண்ணுவதால் உங்கள் டி-5 அதற்கு ஒரு படி மேல். மூத்திரப்பை நிரம்பினால் உங்களுக்கு முட்டுவது தெரியாது, ஆனால் அந்தச் செய்தி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேரும். அங்கிருக்கும் நரம்புகள் வயிற்றிலும் காலிலும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும், பிரஷர் சரசரவென்று ஏறும். 'போதும், தளர்த்து' என்று மூளை அனுப்பும் உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டி இறங்காது. அதனால் மேல்பாதியில் மட்டும் தலைவலி, வியர்வை, முகச் சிவப்பு, சிலருக்கு மூக்கடைப்பு. உங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரண நேரத்தில் மேல் பிரஷர் 90-லிருந்து 110-க்குள்தான் இருக்கும். அது 150 ஆனால் மற்றவர்களுக்கு 'கொஞ்சம் கூடுதல்', உங்களுக்கு ஆபத்து. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக் கசிவுகூட ஏற்படலாம்.

பயப்பட வேண்டாம், ஆனால் அம்மாவுக்கு இதை இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். தலை தெறித்தால் முதல் வேலை எழுந்து உட்காருவது. காலைக் கீழே தொங்கவிட வேண்டும், இடுப்பு பெல்ட், இறுக்கமான உள்ளாடை, சாக்ஸ் எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். உடனே கதீட்டர் போட்டு எடுங்கள். அதிலும் அடங்காவிட்டால் மலச்சிக்கலா, எங்காவது தோல் நசுங்கியிருக்கிறதா, கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வையுங்கள். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருங்கள். 150-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் இருக்கும் இளம் டாக்டர்களில் பலருக்கு இது பழக்கமில்லாத விஷயம். 'டி-5 தண்டுவடக் காயம், ஏ.டி. வரும், வழக்கமான பிரஷர் இவ்வளவு' என்று ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது.

இடையில் ஒரு சங்கதி. பை நிரம்பியிருந்தால் பிரஷர் ஏறி வீல்சேர் வேகமாகப் போகும் என்று சில ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே கதீட்டர் போடாமல் களத்தில் இறங்குவது உண்டு. பூஸ்டிங் என்று அதற்குப் பெயர். சர்வதேச பாராலிம்பிக் குழு இதைத் தடை செய்திருக்கிறது. போட்டிக்கு முன் சோதிக்கும்போது மேல் பிரஷர் 160-க்குக் குறையாமல் நின்றால் ஆட விடமாட்டார்கள். உங்கள் டீமில் யாராவது இந்த யோசனையைக் காதில் போட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். உங்கள் தூக்கம் கெடுவது ராத்திரி 2 மணிக்கு அல்ல. சாயங்காலம் 4 மணிக்கே கெட ஆரம்பித்துவிடுகிறது.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறீர்கள். காலில் தசை வேலை செய்யாததால் உடம்பின் நீர் கணுக்காலிலும் பாதத்திலும் இறங்கித் தேங்குகிறது. சாயங்காலம் ஷூ இறுக்கமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 11 மணிக்குப் படுத்ததும் அந்த நீரெல்லாம் மறுபடி ரத்தத்துக்கு ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. போதாததற்கு, ஐந்தாறு மணி நேரம் தொண்டையைக் காயப்போட்டு ஆடிவிட்டு வந்து பத்து மணிக்கு மடமடவென்று குடிக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து ராத்திரி ஒரு மணிக்கே பையை நிரப்பிவிடுகின்றன. அப்போது ஏ.டி. வருகிறது, இழுப்பும் வருகிறது. கதீட்டர், தலைவலி, இழுப்பு என்று மூன்று தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரும்பகுதி ஒரே தொல்லையாகத்தான் தெரிகிறது.

ஆகவே தண்ணீரைக் காலைப் பக்கம் நகர்த்துங்கள். எழுந்ததிலிருந்து சாயங்காலம் 5 வரை சீராகக் குடியுங்கள். பயிற்சியின்போது வாய் நனைய, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தே ஆக வேண்டும். நெஞ்சுக்குக் கீழே வியர்வையும் வராத உடம்பில் தண்ணீரையும் நிறுத்துவது உங்களைச் சூட்டில் மாட்டிவிடும், மூத்திரத்தில் கிருமித் தொற்றையும் கல்லையும் அழைத்து வரும். படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் மாத்திரை விழுங்கத் தேவையான அளவு போதும்.

இன்னொன்றும் செய்யுங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். சாயங்காலம் நாலரை மணி வாக்கில், கடையின் பின்பக்கம் ஒரு பெஞ்சில் மெத்தை விரிப்பைப் போட்டு முக்கால் மணி நேரம் படுங்கள், கால்களைத் தலையணையில் உயர்த்தி வைத்து. காலில் தேங்கிய நீர் அப்போதே ஏறிவிடும். பயிற்சிக்குக் கிளம்பும் முன் கதீட்டர் போட்டு எடுத்துவிடலாம். காலையிலிருந்து நசுங்கிக்கொண்டிருக்கும் பிட்டத்துத் தோலுக்கும் ஓய்வு. கண் அயர்ந்தால் இருபது, முப்பது நிமிஷம் அயரலாம், போனில் அலாரம் வையுங்கள். அதற்கு மேல் தூங்கினால் ராத்திரித் தூக்கத்தில் கழிந்துவிடும். கடை முதலாளியிடம் கேட்கத் தயக்கமாக இருக்கும், தெரியும். டீ குடிக்க வெளியே போகிறவர்களுக்கு ஆகும் நேரத்தைவிட இது அதிகமில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. அதில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் டீ குடிக்கிற வழக்கம் இருந்தால் அதை 3 மணிக்கு மாற்றுங்கள். டப்பாவில் வரும் 'பிரீ-வொர்க்அவுட்' பொடிகளில் டீயைவிட அதிகம் இருக்கும், அது வேண்டவே வேண்டாம்.

கதீட்டர் போடும்போது அளவு பாருங்கள். ஒரு தடவைக்கு 500 மில்லி தாண்டக் கூடாது. ராத்திரி 700, 800 என்று வந்தால் தண்ணீர்க் கணக்கு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். கணக்கு சரியானால் படுக்கும் முன் ஒன்று, நடுவில் ஒன்று, காலையில் ஒன்று என்று வந்துவிடும். நாலைந்து மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்கக் கிடைக்கும். எல்லாம் செய்தும் ராத்திரி மட்டும் ஏராளமாகப் போகிறது என்றால் யூராலஜிஸ்ட் பார்க்க வேண்டும், அதற்கும் வழி இருக்கிறது.

அடுத்தது சூடு. 9.30-க்கு ஆட்டம் முடிகிறது, 12.30 வரை தூக்கம் வரவில்லை. இதில் வியப்பில்லை. தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். மற்றவர்களுக்கு உடம்பு முழுக்க வியர்த்து, கைகால் வழியாகச் சூடு வெளியேறிவிடும். உங்களுக்கு நெஞ்சுக்கு மேலேதான் வியர்வை. இரண்டரை மணி நேரம் தள்ளித் தள்ளிச் சேர்த்த சூடு அத்தனையும் கழுத்து, முகம், கை வழியாகவே போக வேண்டும், அதுவும் நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில். ஆட்டம் முடிந்த கையோடு முழங்கை வரை ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிஷம் விட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் ஈரத் துண்டு போடுங்கள். செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உடம்பில் அடித்துக்கொண்டு ஃபேனுக்கு முன்னால் உட்காருங்கள். வராத வியர்வைக்குப் பதில் அது வேலை செய்யும்.

தூக்கம் வர வெந்நீரில் கால் ஊறவைக்கச் சொல்லி நாலு பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார்கள். உங்களுக்கு அது கூடவே கூடாது. பாதத்தில் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபின் கண்ணால் பார்த்துத்தான் தெரியும், ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஹாட் வாட்டர் பேக்குக்கும் இதே பதில்தான்.

பொதுவான தூக்க ஆலோசனைகளில் எனக்கு இருக்கும் சண்டையே இதுதான், தம்பி. எல்லாமே நடக்கிற ஆளை மனதில் வைத்து எழுதியவை. நீங்கள் யூடியூபில் கேட்ட 'எழுந்து போய்விடு' என்ற யோசனை நல்ல சிகிச்சையிலிருந்து வந்ததுதான். தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் கொடுக்க வேண்டியது சி.பி.டி.-ஐ. என்ற பழக்கமாற்றப் பயிற்சி என்று அமெரிக்க மருத்துவர் கழகம் 2016-ல் சொன்னது. அதில் ஒரு பகுதி இது. படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது, அதனால் எழுந்து போ என்கிறார்கள். கால் உள்ளவருக்கு அது பத்து விநாடி வேலை. உங்களுக்கு? லைட் போட்டு, அம்மாவை எழுப்பி, ஏற்கெனவே வலிக்கிற தோளை ஊன்றி வீல்சேருக்கு மாறி, மறுபடி திரும்பி வருவதற்குள் இருந்த கொஞ்சம் தூக்கக் கலக்கமும் ஓடிவிடும். நீங்கள் படுக்கையிலேயே இருங்கள். தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்துகொண்டு, மங்கலான வெளிச்சத்தில் அலுப்புத் தட்டுகிற எதையாவது படியுங்கள் அல்லது காதில் மெல்லப் பாட்டு கேளுங்கள். தூங்கியே ஆக வேண்டும் என்ற மல்லுக்கட்டை விட்டுவிடுவதுதான் அந்தச் சிகிச்சையின் சாரம், அதற்கு வீல்சேர் ஏற வேண்டியதில்லை. கண் சொக்கியதும் தலையணையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். போன் மட்டும் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். பகல் முழுக்கப் போனைப் பிரித்து மாட்டுகிறவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

மாத்திரைகளைப் பார்ப்போம். பேக்லோஃபென் மூன்று நான்கு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். 6 மணிக்குப் போட்டால் அதன் தூக்கக் கலக்கம் ஆட்டத்தில் வரும், நடுராத்திரி இழுப்புக்கு உதவாது. கோச் சொல்லும் 'கவனம் இல்லை' என்பதில் இந்த 6 மணி மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம் என்பது என் சந்தேகம். கடைசி வேளையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரை போகும். வழக்கத்தைவிட இழுப்பு கூடினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், புண், நகம் என்று உடம்பைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அல்பிரஸோலத்துக்கு ஏன் 'வேண்டாம்' என்றேன்? பேக்லோஃபெனோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். உங்களுக்கு வயிற்றுத் தசையும் விலா இடைத் தசையில் பாதியும் மூச்சுக்கு உதவுவதில்லை. அந்த நிலையில் மூச்சை மந்தப்படுத்தும் மருந்து நல்லதல்ல. அடித்துப் போட்ட மாதிரி தூங்குவது உங்களைப் பொறுத்தவரை ஆபத்தான தூக்கம், ஏனென்றால் புரளாமல் ஒரே பக்கம் கிடப்பீர்கள், ஏ.டி. வந்தாலும் விழிப்பு வராது. கொஞ்ச நாளில் அது இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலையும் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்-1 பட்டியலில் அதை வைத்திருப்பது சும்மா இல்லை.

டிரமடால் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதைப் போட்டிக் காலத்தில் தடை செய்துவிட்டது. வலிக்குத்தான் போட்டேன் என்பது சோதனையில் எடுபடாது. இப்போதே டாக்டரிடம் சொல்லி மாற்று மருந்துக்குப் போங்கள். அதே நேரம் தோளையும் பாருங்கள். கையே காலாக இருப்பவர்களுக்குத் தோள் வலி மிகச் சாதாரணம். வலிக்கிற தோளின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் ராத்திரியெல்லாம் குத்தும். வலியில்லாத பக்கம் படுத்து, மேல் கையைத் தலையணை மேல் ஏந்தி வைக்கப் பழகுங்கள்.

மெலட்டோனின் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இருட்டியதும் மூளையில் உள்ள பினியல் சுரப்பி அதைச் சுரக்கும். ஆனால் கண்ணிலிருந்து அதற்குப் போகும் நரம்பு வழி ஒரு சுற்றுவழி. மூளையிலிருந்து கழுத்துத் தண்டுவடம் வழியாக நெஞ்சின் மேல்பகுதி வரை இறங்கி, மறுபடி கழுத்து வழியாக மேலே ஏறும். அதனால் கழுத்தில் முழுக் காயம் பட்டவர்களுக்கு ராத்திரி மெலட்டோனின் சுரப்பதே நின்றுபோகிறது. உங்கள் காயம் அந்தச் சுற்றுவழிக்குக் கீழே. உங்களுக்குச் சுரக்கும். எனவே நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கழுத்தில் அடிபட்ட நண்பர்கள் யாராவது 'ராத்திரி பகல் வித்தியாசமே தெரியலை' என்று சொன்னால் அவரை டாக்டரிடம் அனுப்புங்கள். அவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உங்களுக்கும் குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் தூக்கப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டியிருக்கும்.

அம்மாவைப் பற்றி. ஆறு வருஷமாக ராத்திரிக்கு இரண்டு தடவை எழுந்து உங்களைப் புரட்டுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை புரட்டச் சொல்வது சரி. தோல் நன்றாக இருந்து, மெத்தையும் சரியாக இருந்தால் அந்த இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டலாம். பிசியோதெரபிஸ்டைக் கலந்துகொண்டு அரை மணி நேரம் கூட்டுங்கள். காலையில் பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் எல்லாவற்றையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் 'சிவந்திருந்தால்' என்று போட்டிருக்கும், நம் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியிருப்பதைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் அது மறையவில்லை என்றால் பழைய இடைவெளிக்கே திரும்புங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் சில வாரம் கழித்து இன்னொரு அரை மணி. கதீட்டருக்கு எழும் நேரமும் புரட்டும் நேரமும் ஒன்றாகும்படி அமைத்துக்கொண்டால் வீட்டில் இரண்டு பேருக்கும் தூக்கம் கிடைக்கும். குப்புறப் படுக்க முடிந்தால் அதுவும் நல்லது, பிட்டத்துக்கு முழு ஓய்வு. அம்மாவிடம் கத்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரும் ஆறு வருஷமாகத் தூக்கம் கெட்ட மனுஷிதான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனி, மனநோயின் ஆரம்பமா என்ற கேள்வி. துண்டு துண்டாகத் தூங்குகிற யாருக்கும் காலையில் எரிச்சல் வரும், சின்ன விஷயத்துக்கு அழுகை வரும், பந்து கையில் நிற்காது. தூக்கம் கெட்டால் மனநிலை கெடும், மனநிலை கெட்டால் தூக்கம் இன்னும் கெடும். எது முதலில் என்று பிரிப்பது கஷ்டம். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்குக்குப் போன பிரேசில் வீரர்களைப் பரிசோதித்தபோதே அவர்களில் பலருக்குத் தூக்கம் சரியில்லை என்று தெரிந்தது. இது உங்கள் மனஉறுதியின் குறை அல்ல. தூக்கத்தை அளக்கப் பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் என்று ஒன்று கொடுப்போம், 21-க்கு 5-ஐத் தாண்டினால் மோசமான தூக்கம். அதில் 'ராத்திரி பாத்ரூம் போக எழுகிறீர்களா' என்றே ஒரு கேள்வி இருக்கிறது. கதீட்டர் போடுகிற எல்லாருக்கும் அந்த இடத்தில் மார்க் ஏறும். நோய் எங்கே என்பதை அது சொல்லாது. மனச்சோர்வுக் கேள்வித்தாள்களிலும் இதே சிக்கல்தான். களைப்பு, தூக்கம், பசி என்று கேட்கும் பாதிக் கேள்விகளுக்குத் தண்டுவடக் காயமே 'ஆமாம்' என்று பதில் சொல்லிவிடும்.

அதனால் நான் வேறு இரண்டைப் பார்ப்பேன். முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா? வரப்போகிற நாளைப் பற்றி ஏதாவது எதிர்பார்ப்பு இருக்கிறதா? பயிற்சிக்குப் போனால் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், போட்டியை நினைக்கிறீர்கள். நல்ல அறிகுறி. ஆனால் பயிற்சி இல்லாத நாள் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது, விளையாடுகிறவர்கள் அதற்கு விதிவிலக்கு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, தண்ணீர்க் கணக்கும் தலைவலியும் சரியான பிறகும் மனம் இப்படியே இருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் காத்திருக்க வேண்டாம், டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இன்னொன்றும் தோன்றுகிறது, தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் 1.0 ஆட்டக்காரர். ஸ்கிரீன் போட்டு, எதிராளியின் சேரை மறித்து, 4.5 ஆட்டக்காரர் கூடைக்குப் போக வழி விடுவது உங்கள் வேலை. ஸ்கோர் ஷீட்டில் பெயர் வராது. பந்தைத் தவறவிட்டால் மட்டும் எல்லாருக்கும் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் ஆடுகிறவரின் மனம் வாடுவதற்குத் தூக்கமின்மை ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து பேரின் பாயின்ட் கூடி 14-க்குள் நிற்க வேண்டும் என்ற விதி இருப்பதால்தான், நீங்கள் களத்தில் இருந்தால் அந்த 4.5 ஆட்டக்காரரும் களத்தில் இருக்க முடிகிறது. கோச்சுக்கு இது நன்றாகவே தெரியும். சொல்ல மறந்திருப்பார்.

இன்று முதல் பத்து நாளைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். படுத்த நேரம், ஒவ்வொரு விழிப்புக்கும் காரணம், கதீட்டரில் வந்த மில்லி, தலைவலி வந்தால் பிரஷர், காலை மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. அதோடு ஒரு மறுவாழ்வு மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் பெயரில் இருக்கும் மறுவாழ்வு மையம் பழையது, நல்லது. வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அவர். நோட்டைக் கையோடு கொண்டு போங்கள், டாக்டருக்கு வேலை பாதி மிச்சம்.

போட்டிக்கு ரயிலில் போவதாக இருந்தால், வழியில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரை நிறுத்தி, போய்ச் சேர்ந்த அன்றே ஆடும் வழக்கத்தை இந்தத் தடவை விடுங்கள். மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் பதிவு செய்யுங்கள், ஒரு நாள் முன்னதாகப் போங்கள், உங்கள் குஷனையும் மெத்தை விரிப்பையும் கூடவே எடுத்துப் போங்கள். தங்கும் இடத்துப் பாத்ரூம் கதவின் அகலத்தை யாரையாவது முன்கூட்டியே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

கோச்சிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். தியானம் கெடுதல் இல்லை, நீங்கள் செய்யுங்கள். ஆனால் அவர் செய்ய வேண்டிய வேலை வேறு இரண்டு இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றக் கேட்பது ஒன்று. மைதானத்துக் கழிப்பறைக் கதவை அகலப்படுத்தச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுப்பது இன்னொன்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. 45-வது பிரிவு ஏற்கெனவே கட்டிய பொதுக் கட்டடங்களையும் எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்றக் கெடு வைத்தது, அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது. மனுவில் இரண்டு பிரிவையும் குறிப்பிட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல் போடச் சொல்லுங்கள். டீமில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், அந்த அல்பிரஸோலம் அண்ணனும்தான். அவரும் ராத்திரி தூங்காமல்தானே அதை வாங்கினார்.